காக்கா எழுந்து நின்றார்

அரசாங்க முதியோர் இல்லத்தின் இரண்டாவது மாடியில், ஆண்கள் பகுதியில், பதினெட்டுக் கட்டில்கள் இருக்கின்றன. சன்னலிலிருந்து மூன்றாவது கட்டில் என் காக்காவுடையது. எங்கள் கடற்கரை ஊர்களில், முஸ்லிம் வீடுகளில், அண்ணனைக் காக்கா என்போம். எனக்கு எழுபத்திரண்டு, அவருக்கு எழுபத்தெட்டு. இத்தனை வயதுக்கும் அவர் முன்னால் நான் உட்கார்ந்து பேசியதில்லை. அவர் படுத்த பிறகு, நான் நின்றால் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறதே என்றுதான் உட்காரத் தொடங்கினேன்.

இந்த வளைகுடா நகரத்தில், முவைலா என்ற பகுதியில் இருக்கும் என் மகன் வீட்டிலிருந்து அங்கே போக இரண்டு பேருந்து மாற வேண்டும். வாரத்தில் நான்கு நாள் போவேன். வெயில் காலத்தில் நிறுத்தத்திலேயே பாதி உயிர் போய்விடும். "வாப்பா, அங்க எல்லாத்தையும் கவர்ன்மென்ட் பாக்குது. நீங்க போயி என்ன பண்ணப் போறிய?" என்று மகன் கேட்பான். போய் என்ன செய்கிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. சக்கர நாற்காலிகளை எண்ணுவேன். காக்காவின் மாத்திரைகளை எண்ணுவேன். கட்டில் ஏதாவது காலியாக இருந்தால் யார் என்று விசாரித்து, தெரிந்துகொண்டபின் ஏன் விசாரித்தோம் என்று வருந்துவேன். நாற்பது வருஷம் கட்டுமானக் கம்பெனிகளில் கணக்கெழுதியவன் நான். எண்ணாமல் ஓர் இடத்தில் சும்மா இருக்க எனக்கு வராது.

அந்தக் கட்டிலில் எங்களுக்கு உரிமை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டுக் குடிமக்களுக்காக அரசாங்கம் நடத்துகிற இல்லம் அது. மருத்துவர், நர்ஸ், மருந்து, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, டயப்பர் வரைக்கும் எல்லாம் அரசாங்கச் செலவு. எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர்கள் அந்த மாடியில் மூன்று பேர்தான். மூவரும் யாரோ ஒரு பெரிய மனிதர் வாய்விட்டுக் கேட்டதால் விதிவிலக்காக வந்தவர்கள். காக்காவுக்குக் கேட்டவர் அவருடைய பழைய அர்பாபின், அதாவது அரபு முதலாளியின், மூத்த மகன். காக்கா அந்தக் குடும்பத்தின் துணிக்கடையில் நாற்பத்தாறு வருஷம் இருந்தார். அர்பாபின் பிள்ளைகளுக்கெல்லாம் முதல் பள்ளிச் சட்டைக்கு அளவெடுத்தவர் அவர். அர்பாப் போய்விட்டார், கடையையும் மூடிவிட்டார்கள். கடைக்குப் பின்னாலிருந்த அறையில் காக்கா ஒரு நாள் காலையில் பக்கவாதம் வந்து, வலது பக்கம் முழுவதும் செத்துக் கிடந்தபோது, ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்ததும் அந்த மூத்த மகன்தான். ஊரில் காக்காவுக்கு யாருமில்லை. அவர் மனைவி, என் மச்சி, மௌத்தாகி வருஷங்கள் ஆகின்றன, பிள்ளைகள் கிடையாது. இங்கே நான் இருக்கிறேன், ஆனால் நானே மகனுடைய விசாவில், பேரப்பிள்ளைகளின் படிப்பறையில் படுத்திருப்பவன்.

ஒருவர் கேட்டுக் கொடுத்த கட்டிலை இன்னொருவர் கேட்டால் எடுத்துவிடலாம் என்ற பயம் எனக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. காக்காவுக்கும் உண்டு என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

வந்த புதிதில் அவரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஐந்து மாதம் தினமும் பிசியோதெரபி நடந்தது. அதைச் செய்தது பாலக்காட்டுப் பெண் ஒருத்தி, தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வரும். காக்காவைத் திட்டுவாள், கெஞ்சுவாள், "அங்கிள், இந்தக் கால் உங்க கால்தானே, அயல்வீட்டுக்காரன் கால் இல்லையே, கொஞ்சம் சொல்லிப் பாருங்க கேக்கும்" என்பாள். காக்காவின் பேச்சு பாதி போயிருந்தது. யோசித்துச் சொல்ல வேண்டிய சொல் ஒவ்வொன்றும் தொண்டையில் முட்டிக்கொண்டு நிற்கும். வசவு மட்டும் தங்குதடையின்றி வந்தது. "அந்தா போகுதா பாரு, அதுக்கு மட்டும் பிரேக் கிடையாது," என்று அவள் சிரிப்பாள். பழகிப்போன வார்த்தைகள் மூளையில் வேறு இடத்தில் இருக்கின்றன, அவை முழுசாக வெளியே வந்துவிடும் என்று பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் எனக்கு விளக்கினார். வசவும், வணக்கமும், ஓதலும் அப்படித்தானாம்.

ஐந்து மாத முடிவில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஓர் ஆள் இடுப்பைத் தாங்கினால், கழிப்பறை வாசல் வரைக்கும் போகிற நிலைக்கு வந்தார்.

அந்த வயதில் அவருக்கு அது ஒன்றுதான் ஆசை. தானாகக் கழிப்பறைக்குப் போக வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். தன் கையால் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஐந்து நேரமும் தொழுத மனிதர். பேத்தி வயதுள்ள ஃபிலிப்பைன்ஸ் பெண்ணும் மகன் வயதுள்ள நேபாளத்துக்காரரும் மாறி மாறித் துடைத்துவிடுவதை அவரால் தாங்க முடியவில்லை. அவர்கள் நல்லவர்கள், முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. காக்கா கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. குடித்தால்தானே யாரையாவது கூப்பிட வேண்டும். மேசைமேல் வைக்கிற பாட்டிலைப் பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளிவிடுவார். அதனால் சிறுநீரில் கிருமி வந்து காய்ச்சல் அடித்தது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. மூன்றாவது தடவை வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மூணு மாசம் கூடக் கிடைச்சா அங்கிள் தனியா போவாரு," என்றாள் பிசியோதெரபி பெண். "நான் எழுதியே தரேன். ஆனா மார்க் போடறவங்க வரணும். அவங்க சொல்லணும்."

மார்க் போடுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்க அலுவலகத்திலிருந்து வருவார்கள். ஒவ்வொருவரையும் பார்த்து, படுக்கையிலிருந்து எழுவாரா, தானாகச் சாப்பிடுவாரா, நடப்பாரா, பேசுவாரா என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவார்கள். அந்த மார்க்கை வைத்துத்தான் யாருக்கு எந்தச் சிகிச்சைக்கு அரசாங்கம் பணம் தரும் என்பது தீர்மானமாகும். கணக்கு என்பதால் எனக்கு அது சீக்கிரம் புரிந்தது. மார்க் மிகக் குறைவாக இருந்தால், இனித் தேற மாட்டார், நர்ஸ் பராமரிப்பு போதும். மார்க் கூடுதலாக இருந்தால், தேறிவிட்டார், சிகிச்சை வேண்டாம். நடுவில் இருப்பவருக்குத்தான் பிசியோதெரபி. பணம் போடுகிறவர்கள் பக்கமிருந்து பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. கட்டிலில் கிடப்பவர் பக்கமிருந்து பார்த்தால், தேறாமலும் இருக்கக் கூடாது, அதிகம் தேறிவிடவும் கூடாது. இந்த வயதில் ஒரு மனிதன் அளவாகத் தேறுவது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் காக்கா நர்ஸின் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். போனில் அவர் பேசுவது மிகவும் சிரமம். "சட்ட," என்றார். வெகுநேரம் கழித்து, "வெள்ள." பிறகு, "இஸ்திரி." நான் சரி என்று வைக்கப்போனேன். "டை," என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. தலைமுடிக்குச் சாயம்.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே விசா புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் மெடிக்கல் உண்டு. ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சில் எக்ஸ்ரே எடுப்பார்கள். ஏதாவது வந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் மெடிக்கலுக்கு முதல் நாள் அறை முழுக்க மாப்பிள்ளை வீடு மாதிரி இருக்கும். முடிவெட்டுவோம், சாயம் அடிப்போம், இருக்கிறதில் நல்ல சட்டையை இஸ்திரி போடுவோம். இருமல் உள்ளவர் கிராம்பை வாயில் அதக்கிக்கொண்டு போவார். முட்டி வலிக்கிறவர் வரிசையில் நிமிர்ந்து நிற்பார். உள்ளே யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான், ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது. எங்கள் அறையில் இருந்த ஒருவருக்கு எப்போதோ ஆறிப்போன நோயின் தழும்பு எக்ஸ்ரேயில் வந்துவிட்டது. அவருடைய பாயைச் சுருட்டி வைக்கக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, நாங்கள்தான் சுருட்டினோம். அதற்குப் பிறகு வெள்ளைக் கோட்டைக் கண்டால் யாரும் கேட்காமலே எங்கள் முதுகு நிமிர்ந்துவிடும்.

சாயம் வாங்கிப்போய் நானே அடித்துவிட்டேன். முகம் மழித்துவிட்டேன். வெள்ளைச் சட்டையை மாட்டிப் பொத்தான்களைப் போட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மாப்புள," என்றார் காக்கா. எனக்கும் அவரைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பத்து வயது குறைந்துவிட்டது.

வந்தவர் ஓர் அரபுப் பெண்மணி. அபாயா அங்கிக்கு மேல் வெள்ளைக் கோட்டு, கையில் டேப்லெட். மிகவும் மரியாதையானவர். கட்டில் பக்கத்தில் வந்து, "கீஃப் ஹாலக், ஹாஜி?" என்று நலம் விசாரித்தார்.

காக்கா எழுந்து நின்றார்.

வாக்கரைத் தொடவில்லை. இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து ஒரே மூச்சில் எழுந்து, கம்பியை விட்டுவிட்டு நின்றார். ஐந்து மாதத்தில் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. பிசியோதெரபி பெண்ணும் பார்த்ததில்லை, அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அல்ஹம்துலில்லாஹ், ஜெய்ன், குல்லு ஜெய்ன்," என்றார் காக்கா. எல்லாம் நன்றாக இருக்கிறது. அத்தோடு விடவில்லை. உங்களுக்கு நலமா, உங்கள் பெற்றோருக்கு நலமா, அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும் என்று கடையில் வாடிக்கையாளரிடம் நாற்பத்தாறு வருஷம் சொன்ன அத்தனையும் திக்காமல் கொட்டியது. அந்தப் பெண்மணி மகிழ்ந்துபோனார். நடப்பீர்களா என்று கேட்டார். காக்கா சன்னலோரத்து நாற்காலி வரைக்கும் நடந்து காட்டினார். கழிப்பறைக்குத் தனியாகப் போவீர்களா என்று கேட்டார். "ஐவா, ஐவா." ஆமாம், ஆமாம்.

"மேடம், அவருக்கு இன்னும் பயிற்சி," என்று பிசியோதெரபி பெண் ஆரம்பித்தாள்.

"அவரே சொல்கிறாரே," என்று அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் மேல் குற்றமில்லை. அவர் பார்த்தார், காக்கா நின்றார்.

அவர்கள் கதவைத் தாண்டிய பிறகுதான் காக்காவின் கால் நடுங்கத் தொடங்கியது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நாற்காலியிலேயே சிறுநீர் போய் எல்லாம் நனைந்துவிட்டது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. என்னைப் பார்த்து இடது கண்ணைச் சிமிட்டினார்.

"பாஸ்," என்றார்.

அடுத்த வாரம் பிசியோதெரபி பெண் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனாள். "அங்கிளுக்கு மார்க் கூடிப்போச்சு," என்றாள்.

"கூடினா நல்லதுதானே?"

"இல்ல அங்கிள். இனி பிசியோ கிடையாது, ஸ்பீச்சும் கிடையாது. அவர் தேறியாச்சுன்னு எழுதிட்டாங்க."

"நீங்க பாத்தியளே, நடந்தாரே?"

"அன்னைக்கு நடந்தாரு. அதுக்கப்புறம் ரெண்டு நாள் எழும்பவே இல்ல, உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னாரு. அது நடத்தம் இல்ல அங்கிள், பயம். பயத்துல ஆளு மதிலும் சாடிக் கடக்கும்."

நிறுத்திவிட்டார்கள். வெளியிலிருந்து ஆள் வைத்துப் பார்க்க எங்களால் ஆகாது. என்னை இங்கே வைத்திருக்கக் கட்டுகிற காப்பீடே என் மகனுக்கு மூச்சு முட்டுகிற விஷயம். நான் போகிற நாட்களில் அவள் செய்ததைப் பார்த்துப் பார்த்து நானே காலை மடக்கி நீட்டிவிட முயன்றேன். என் மூட்டு என் பேச்சைக் கேட்பதே கஷ்டம். ஒரு தடவை அவரைத் தூக்கப்போய் இருவரும் கட்டிலிலேயே சாய்ந்துவிட்டோம். "போதும்... கெழவா," என்றார் காக்கா. எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். சிரித்து முடித்தபின் எழுந்திருக்கத்தான் ஆள் வர வேண்டியிருந்தது.

ஒரு மாதத்தில் கால் பழையபடி மரத்துவிட்டது. ஒரு ஆள் தாங்கிய இடத்தில் மறுபடியும் இரண்டு ஆள். தண்ணீர்ப் பாட்டில் மறுபடியும் பக்கத்துக் கட்டிலுக்குப் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை நான் போனபோது அவருக்குக் காய்ச்சல், கண் திறக்கவில்லை, கையில் ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை. அந்த முறை பிழைத்துவிட்டார். இன்னொன்று வரக் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மறுபடி மார்க் போடச் சொல்லி இல்லத்திலிருந்தே கேட்கலாம் என்றாள் பிசியோதெரபி பெண். கேட்டார்கள். வருகிறோம் என்று பதில் வந்தது. "ஆனா இந்தத் தடவ அங்கிள் எப்படி இருக்காரோ அப்படியே இருக்கணும். நீங்கதான் சொல்லிப் புரியவைக்கணும்."

சொன்னேன். அன்று காக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தார், காய்ச்சல் விட்டு முகம் வற்றிப்போயிருந்தது. சாயம் வெளுத்து, முடியின் அடியெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"நாளக்கழிச்சு வர்றவங்ககிட்ட எந்திரிச்சு நிக்காதிய காக்கா."

என்னை உற்றுப் பார்த்தார். "நடிக்க... சொல்றியா?"

"நடிக்காதியன்னு சொல்றேன். முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. கக்கூசுக்குப் போவ முடியலன்னு சொல்லுங்க. அப்பத்தான் அந்தப் புள்ள மறுபடியும் வரும்."

"எக்ஸ்ரே," என்றார்.

"அது வேற, இது வேற. இவங்க நம்மள அனுப்ப வரல."

"யாரு... சொன்னா?"

உண்மையில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. முடியாத ஆளுக்கு அதிகச் செலவு, அதிகச் செலவு ஆகிற வெளிநாட்டுக்காரரை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று யாராவது ஓர் அதிகாரி கேட்டால் கட்டில் போய்விடும். அவர் மனதில் ஓடியது என் மனதிலும் அத்தனை மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. பிசியோதெரபி பெண்ணிடம் கேட்டேன். "அப்படி அனுப்பி நான் பாத்ததில்ல அங்கிள்," என்றாள். பிறகு, "ஆனா நான் வந்து ரெண்டு வருஷம்தான் ஆச்சு," என்றும் சொன்னாள். நேர்மையான பெண். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மௌனமாக இருந்தால் அடுத்த காய்ச்சல். வாயைத் திறந்தால் ஒருவேளை விமானம். இந்தக் கூட்டல் கழித்தலை இரண்டு நாளும் போட்டுப் பார்த்தேன். விடை வரவில்லை.

இரண்டாவது தடவை வந்தவர் ஒரு சூடான் நாட்டு மருத்துவர். நடுவயது, களைத்த முகம், என்னைப் போலவே நிற்கச் சுணங்குகிற ஆள். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை, என்னுடையது அவருக்கு. அரபியில் சலாம் சொன்னார்.

காக்கா கம்பியைப் பிடித்தார். நான் சொன்னது, காய்ச்சல், ஊசி, எதுவும் அந்தக் கைக்கு எட்டவில்லை. தோள் உயர்ந்தது, பாதி உடம்பு எழுந்தது, மறுபாதி வரவில்லை. பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே, "அல்ஹம்துலில்லாஹ், ஜெய்ன்," என்றார். "குல்லு ஜெய்ன்." சிரித்துக்கொண்டே சொன்னார்.

மருத்துவர் டேப்லெட்டைப் பார்த்தார், காக்காவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். தம்பியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இவர் தானாகக் கழிப்பறைக்குப் போவாரா என்று அரபியில் கேட்டார்.

காக்கா என்னைப் பார்த்தார்.

தமிழில் கேட்டிருந்தால் எனக்கு எத்தனையோ வழி இருந்திருக்கும். முன்னமெல்லாம் போய்க்கொண்டுதான் இருந்தார், இப்போது கொஞ்சம் சுணக்கம், உடம்பு அசதி, ஒரு கைத்தாங்கல் இருந்தால் நல்லது என்று சுற்றிச் சுற்றி, அவர் காதில் படாமல் சொல்லியிருப்பேன். ஆனால் எனக்குத் தெரிந்த அரபி வேலைத்தளத்து அரபி. லாரிக்காரனிடமும் சிமெண்ட் கடைக்காரனிடமும் பேசப் பழகியது. அதில் பணிவுக்குச் சொல் கிடையாது. இருக்கிறது, இல்லை, நாளைக்கு, முடிந்தது, அவ்வளவுதான்.

"மாஃபி," என்றேன். இல்லை. "ஹம்மாம் மாஃபி. வாஹித் நஃபர் மாஃபி, இத்னேன் நஃபர்." கழிப்பறை இல்லை, ஓர் ஆள் போதாது, இரண்டு ஆள் வேண்டும். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. தண்ணீர் குடிப்பதில்லை என்றேன். வெட்கம் என்பதற்குச் சொல் தெரியாமல் கையால் முகத்தை மூடிக் காட்டினேன். மூன்று காய்ச்சல் என்று விரலைக் காட்டினேன். துணியெல்லாம் நனைந்துவிடும் என்பதையும் காட்டினேன். என் அண்ணனை, நாற்பத்தாறு வருஷம் ஒரு கடையின் சாவியை இடுப்பில் வைத்திருந்தவரை, சிமெண்ட் மூட்டைக் கணக்குச் சொல்வதுபோல் சொல்லி முடித்தேன்.

மருத்துவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். போகும்போது காக்காவின் தோளைத் தொட்டு, "மாஃபி முஷ்கில், ஹாஜி," என்றார். ஒன்றும் பிரச்சினை இல்லை. காக்கா அவருக்கும் நீண்ட ஆயுள் வேண்டி ஒரு துஆச் சொன்னார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

யாரும் அவரை அனுப்பவில்லை. பிசியோதெரபி திரும்பக் கிடைத்தது, முன்போல் தினமும் அல்ல, வாரத்துக்கு இரண்டு நாள். பேச்சுப் பயிற்சி கிடைக்கவில்லை. ஏன் இரண்டு, ஏன் மூன்று இல்லை என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

காக்கா என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். நான் போய் உட்கார்ந்தால் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். ஃபிலிப்பைன்ஸ் பெண்ணோடு பேசுவார். பக்கத்துக் கட்டில்காரரோடு பேசுவார். பிசியோதெரபி பெண்ணைத் திட்டுவார். எனக்கு ஒரு வசவுகூடக் கிடையாது. கொண்டுபோன பழத்தை உரித்து வைப்பேன், நான் போனபின் சாப்பிடுவதாக நர்ஸ் சொன்னாள். சன்னலுக்கு வெளியே வாகனம் நிறுத்துமிடத்தில் பதினோரு பேரீச்சை மரங்கள். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். "எதுக்கு வாப்பா இன்னும் போறிய, அவர்தான் மூஞ்சியே பாக்க மாட்டேங்குறாரே," என்று மகன் கேட்டான். வேறு எங்கே போவது.

அப்படி ஏழெட்டு வாரம் போயிருக்கும். கால் மெல்ல மெல்லத் திரும்பியது. முதலில் ஓர் ஆள் போதும் என்றானது. பிறகு அந்த ஆள் தாங்காமல் பக்கத்தில் நடந்தால் போதும் என்றானது. சில நாள் ஆளே வேண்டாம். சில நாள் கட்டிலை விட்டு எழவே முடியாது. ஒரு நாள் நான் போனபோது கட்டில் காலியாக இருந்தது. நேபாளத்துக்காரர் கழிப்பறைக் கதவைக் காட்டினார். கதவு சாத்தியிருந்தது. அவர் வெளியே நின்றுகொண்டிருந்தார், நானும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. காக்கா வெளியே வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

அந்த மாதக் கடைசியில் மார்க் போடுகிறவர்கள் மறுபடி வருவதாகச் சொன்னார்கள். பிசியோதெரபி பெண்ணின் முகத்தில் கவலை தெரிந்தது. "இப்ப தேறினது போல காட்டினா நிறுத்துவாங்க, தேறலைன்னா இவருக்குப் பிரயோஜனம் இல்லன்னு நிறுத்துவாங்க," என்றாள். "உள்ளபடி சொன்னா இன்னொரு மூணு மாசம் கிடைக்கும்னு தோணுது." எனக்குத் தெரியும் அம்மா என்றேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே கூத்து, அவர் இருக்கிற வரைக்கும். அல்லது நான் இருக்கிற வரைக்கும். யார் முதலில் என்று அவளிடம் கேட்க முடியாது.

அன்று சாயங்காலம் கிளம்ப எழுந்தேன்.

"நாளைக்கி... வருவியா?" என்றார் காக்கா. சன்னலைப் பார்த்தபடிதான் கேட்டார்.

உட்கார்ந்துவிட்டேன். "வருவேன் காக்கா. சட்ட இஸ்திரி போட்டுக் கொண்டாரவா?"

தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"நீயே... சொல்லிரு," என்றார். வெகுநேரம் கழித்து, "எனக்கு... வாயி... ஜெய்ன்னுதான் வருது."

"என்ன சொல்லட்டும்? கக்கூசுக்குத் தனியாப் போறியன்னு சொன்னா நிப்பாட்டிருவாங்க. போவலன்னு சொன்னா அது பொய்யி. போன வாரத்துல எத்தன நாளு நீங்களாப் போனிய? கணக்காச் சொல்லுங்க, அதையே சொல்றேன்."

காக்கா இடது கையைத் தூக்கினார். நான்கு விரலைக் காட்டினார். கையை இறக்கவில்லை. மரங்களைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அதுல... ஒரு நாளு... புடிச்சாங்க," என்று சொல்லி ஒரு விரலை மடக்கினார்.